பதினாலு வயது வரைதான்

ஆறுமுகத்தாய் மாட்டுங்காவில் மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். போகிற இடமெல்லாம் மகள் இசக்கியையும் கூட்டிக்கொண்டு போவாள். வேறு வழி கிடையாது. இசக்கிக்கு வயது பன்னிரண்டு. புத்தி மட்டும் மூன்று வயதோடு நின்றுவிட்டது. அவளுக்குப் பேச வந்ததே நாலைந்து வார்த்தைகள். அதுவும் பெற்றவளுக்குத்தான் விளங்கும். பூதத்தான், அவள் புருஷன், தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிறவன். வேலை முடிந்து வந்தால் வெந்த பாதங்களில் எண்ணெய் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். மகளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவன் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

மூன்று வீடுகளில் வானமாமலை வீட்டில்தான் இசக்கிக்கு நிம்மதியாக உட்கார இடம் கிடைத்தது. அவர் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் பெரிய உத்தியோகஸ்தர். அவர் சம்சாரம் ஒரு தோசையை இலையில் வைத்து பாத்திரம் தேய்க்கிற மோரிக்குப் பக்கத்தில் இசக்கியின் முன்னால் தள்ளிவிட்டுப் போவாள். அந்த இரக்கத்துக்குக் காரணம் பின்கட்டு அறையில் இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த நம்பிராஜன் என்ற இரண்டு வயதுப் பிள்ளை, இன்னும் தவழாமல், நாக்கைத் துருத்திக்கொண்டு அங்கே கிடந்தான். விருந்தாளிகள் வந்தால் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

அறுபத்தொன்றாம் வருஷம் மழைக்காலத்தில் இசக்கி பெரியவளானாள். அடுத்த மாதம் வானமாமலை வீட்டு முற்றத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டு, அது என்னவென்று தெரியாமல் சிரித்தபடி நின்றாள்.

வீட்டம்மாள் ஆறுமுகத்தாயைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நாளைலேர்ந்து அவளைக் கூட்டிண்டு வராதே ஆறுமுகம்."

"எங்கம்மா விட்டுட்டு வருவேன்?"

"அவளுக்குச் சொல்லத் தெரியாதே. இது பெருமாளுக்கு அமுது செய்யற ஆத்திலே கூடாது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. மற்ற இரண்டு வீடுகளிலும் கண் கலங்காமலே அதைச் சொன்னார்கள்.

ஆறுமுகத்தாய் மறுநாள் மகளைத் தாராவியில் தான் குடியிருந்த கோலிக்குள் விட்டு வெளியே பூட்டினாள். வரிசைக் குடியிருப்பான சாலில் எல்லாருக்கும் இருப்பது ஒரே அறை, அதைத்தான் கோலி என்பார்கள். அது தகரமும் பலகையும் சேர்த்து அடித்த கோலி. சந்துப் பிள்ளைகள் பலகை இடுக்கு வழியாகக் குச்சியை விட்டுக் குத்தினார்கள். "பாக்லி, பாக்லி" என்று பைத்தியப் பட்டம் கட்டிக் கத்தினார்கள். உள்ளே இசக்கி அலறினால் வெளியே சிரிப்பு கூடியது.

நான்காவது கோலியில் இருந்த தெரசம்மாள்தான் அந்தப் பிள்ளைகளை விளக்குமாற்றால் விரட்டினாள். மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் ஆயா. பிற்பகலில் தொடங்கும் டூட்டி. அவள் மகன் ஏசுதாசுக்கு எட்டு வயது, பேச்சே கிடையாது. காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பான். அவன் அப்பன் சிங்கராயர், சேட் ஒருவரோடு துபாய்க்குக் கப்பலேறியவன், அங்கேயே தங்கிவிட்டான். தெரசம்மாள் டூட்டிக்குப் போகும்போது மகனை இடுப்பில் கயிறு கட்டிக் கட்டில் காலில் பிணைத்துவிட்டுப் போவது வழக்கம். அது ஊருக்கே தெரியும், யாரும் கேட்டதில்லை.

ஆறுமுகத்தாய் வேலை முடிந்து வந்தபோது தெரசம்மாள் அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, நீ பூட்டுத, நான் கெட்டுதேன். காலையில ஒம் புள்ளய நான் பாத்துக்கிடுதேன். மத்தியானம் நீ வந்ததும் எம் பயல நீ பாத்துக்கோ. என்ன சொல்லுத?"

ஆறுமுகத்தாய் பூட்டைத் திறந்தாள். இசக்கி மூலையில் ஒன்றுக்கும் ரெண்டுக்கும் போய், அதிலேயே உட்கார்ந்திருந்தாள். தெரசம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தாள். ஆறுமுகத்தாய் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். இருவரும் சேர்ந்து கழுவி முடித்தபோது அந்த ஏற்பாடு முடிவாகிவிட்டது.

விஷயம் சந்துக்குச் சந்து பரவியது. முறுக்கு சுட்டு விற்கிற சுயம்பு, பெண்டாட்டியை அம்மைக்குப் பறிகொடுத்தவன், கழுத்து நிற்காத தன் ஐந்து வயது மகள் சொர்ணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அதன் பின் இன்னும் சிலர் வந்தார்கள். ஒரு கோலி போதவில்லை. ஊர்ச் சங்கத்துக்கு ஒரு பெரிய கோலி இருந்தது. ஊரிலிருந்து வந்த தனியாள்கள் ராத்திரி தூங்கவும், டிரங்குப் பெட்டி வைக்கவும் அது உதவியது. பகலில் காலியாகக் கிடக்கும். ஆறுமுகத்தாய் சங்கத் தலைவர் பிச்சையாவின் வீட்டு முன்னால் போய் நின்றாள். அவர் தலைவலி வந்தவர்போல நெற்றியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டார்.

"ஆம்பளைக படுக்குத எடம் தாயி. நாத்தம் அடிச்சா என்னயத்தான் ஏசுவாக."

"விளக்கு வைக்கதுக்கு முந்தி கழுவித் தந்திருதோம்யா. சாம்பிராணியும் போட்டுத் தாரோம்."

அவர் சம்மதித்தார்.

அந்தக் கோலியில் கழிந்த நாலு வருஷம்தான் ஆறுமுகத்தாயின் வாழ்க்கையில் நல்ல காலம். அப்போது அவளுக்கு அது தெரியவில்லை. தினமும் பீத்துணி அலசுவதும், ஒன்று இன்னொன்றைக் கடிக்காமல் பார்ப்பதும், வலிப்பு வந்தால் ஓடுவதுமாக நாள் போயிற்று. சுயம்பு உடைந்த முறுக்கைத் தாளில் மடித்துக்கொண்டு வருவான். ஒவ்வொரு தாயும் தகப்பனும் முறை போட்டுக்கொண்டு ஒரு பொழுது உட்கார்ந்தார்கள். இசக்கி மாறியது இங்கேதான். ஏசுதாஸ் யார் கையிலும் சாப்பிடாதவன், தட்டைத் தள்ளிவிடுவான். ஒருநாள் இசக்கி சோற்றை உருட்டி அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் ஆடுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தான். அன்றிலிருந்து அவனுக்கு ஊட்டுவது அவள் வேலை ஆயிற்று. சொர்ணத்தின் முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அவளே விரட்டுவாள். "பாப்பா" என்ற வார்த்தை அவளுக்குத் தெளிவாகச் சொல்ல வந்தது. தன் மகளால் ஒருவருக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது என்பதை நினைத்து ஆறுமுகத்தாய் சில சமயம் தானாகச் சிரித்துக்கொள்வாள்.

இரண்டாவது வருஷம் வானமாமலையின் சம்சாரம் பாத்திரம் போடும்போது மெதுவாகக் கேட்டாள், இசக்கியை எங்கே விட்டுவிட்டு வருகிறாய் என்று. ஆறுமுகத்தாய் எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை பிற்பகல் வானமாமலையே வந்துவிட்டார். சாக்கடைப் பலகை மேல் ஒவ்வொரு காலாக வைத்து, வெள்ளைக் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி அந்தக் கோலி வாசலுக்கு வந்து நின்றார். இசக்கி ஊட்டுவதையும் ஏசுதாஸ் சாப்பிடுவதையும் நெடுநேரம் பார்த்தார்.

"இவா எல்லாரும் இப்படியே இருந்துடுவாளா?" என்று கேட்டார்.

"இருந்துட்டுப் போட்டும்யா. இருக்க ஒரு எடம் வேணும்லா" என்றாள் ஆறுமுகத்தாய்.

அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் வேண்டும், அதை நான் நடத்தியே தீருவேன் என்றார். சொன்னபடியே அலைந்தார். கம்பெனி முதலாளிகளையும் மந்திரிகளையும் டாக்டர்களையும் பார்த்தார். பார்க்கப் போகிற இடத்துக்கெல்லாம் ஆறுமுகத்தாயையும் கூட்டிப் போனார். வீட்டம்மாள் கொடுத்த பழைய பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, மாட்டுங்கா சபா ஒன்றில் மேடை ஏறி, அவள் நாலு வார்த்தை பேசவும் செய்தாள். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் அழுதார்கள். ஆறுமுகத்தாய்க்குத் தன் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது அதிசயமாக இருந்தது. "எங்க புள்ளைகளுக்கு" என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் மனக்கண்ணில் முதலில் நின்றது இசக்கி.

அறுபத்தைந்தில் செம்பூரில் ஒரு பழைய பங்களாவில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பிள்ளைகளை ஏற்றிவர ஒரு வண்டியும் உண்டு. திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் சேர்க்கை. தாராவியிலிருந்து எல்லாரும் குளித்து, தலை சீவி, பவுடர் போட்டு வந்திருந்தார்கள். இசக்கிக்கு இரட்டைச் சடை, கனகாம்பரம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டரம்மாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தாள். நம்பிராஜனை எடுத்துக்கொண்டார்கள். சொர்ணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஏசுதாசைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டா, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, பரவாயில்லை என்றாள். ஆண்டாப் ஹில்லிலிருந்து மீசை அரும்பிய மகனோடு வந்த ஒருத்தியைத் திருப்பி அனுப்பினாள்.

"பதினாலு வயசு வரைக்கும்தான்மா" என்று அவளிடம் சொன்னது ஆறுமுகத்தாயின் காதில் விழுந்தது.

அவள் முறை வந்தது.

"வயசு?"

"பதிமூணு" என்றாள் ஆறுமுகத்தாய்.

டாக்டரம்மாள் தலை நிமிர்ந்து இசக்கியைப் பார்த்தாள். தாயைவிட அரைச் சாண் உயரம். தாவணிக்குள் முழுசாக வளர்ந்த பெண். டாக்டரம்மாள் வானமாமலையைப் பார்த்தாள். அவர் எழுந்து வந்து ஆறுமுகத்தாயை ஓரமாக அழைத்துப் போனார்.

"குழந்தைகளுக்குன்னுதானே ஆரம்பத்திலேர்ந்து சொல்லிண்டு வரேன்" என்றார். அவர் முகத்தில் இருந்தது கள்ளமில்லாத ஆச்சரியம்.

"இவளும் புள்ளதானய்யா."

"மனசால குழந்தைதான், நான் இல்லேங்கல. சின்னக் குழந்தைகளோட பெரிய பொண்ணை வைக்க முடியாதுங்கறா டாக்டர். சர்க்கார் கொடுத்த அனுமதியும் அப்படித்தான். நான் மீற முடியாது."

இத்தனை நாளும் அவர் "குழந்தைகள்" என்றதை இவள் தன் அர்த்தத்தில் கேட்டிருக்கிறாள். அவர் ஏமாற்றவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை; திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. திறப்பு விழாவில் அவளை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். சந்தன மாலை போட்டார்கள். மாலையின் வாசனையில் அவளுக்குத் தலைவலி எடுத்தது.

பள்ளிக்கூட வண்டி தினமும் காலையில் நாக்கா என்கிற நாற்சந்தியில் வந்து நிற்கும். முதல் நாள் இசக்கியும் பழக்கத்தில் ஏசுதாசின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அவனோடு சேர்ந்து வண்டிக்குள் ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வண்டியிலிருந்த பணிப்பெண் இறங்கச் சொன்னாள். இசக்கிக்கு விளங்கவில்லை. டிரைவர் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் சீட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டு கத்தினாள். ஏசுதாஸ் காதைப் பொத்திக்கொண்டு ஆட ஆரம்பித்தான். தெரசம்மாள் வண்டிக்கு வெளியே நின்றாள். ஆறுமுகத்தாய் அவளைப் பார்த்தாள். இசக்கியை ஒரு வார்த்தை சொல்லி இறக்கத் தெரசம்மாளால் முடியும். அவள் சொன்னால் இசக்கி கேட்பாள். தெரசம்மாள் எதிர்ப்பக்கம் மண்ணெண்ணெய்க் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆறுமுகத்தாய்தான் உள்ளே ஏறி மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து இறக்கினாள்.

அவள் மறுபடியும் வானமாமலையிடம் போனாள். மாணவியாக வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு ஊட்ட ஒத்தாசைக்கு இருக்கட்டும், கூலி வேண்டாம் என்று கேட்டாள். அவர் கமிட்டியில் வாதாடி அனுமதி வாங்கித் தந்தார். ஆறுமுகத்தாய் மகளோடு செம்பூருக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். இசக்கி ஏசுதாசுக்கு ஊட்டினாள். ஒரு வாரம் சந்தோஷமாகத்தான் போயிற்று. அதன் பிறகு ஒரு காலை வாசல்காரன் அவர்களை உள்ளே விடவில்லை. ஒரு பெற்றோர் ஆட்சேபம் சொல்லிவிட்டார்களாம்.

யார் என்று ஆறுமுகத்தாய் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் தெரசம்மாளே அவள் கோலிக்கு வந்து நின்றாள்.

"நான்தான்க்கா சொன்னேன்."

ஆறுமுகத்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"கரண்டி பிடிச்சித் தின்ன டீச்சர் படிச்சிக் குடுக்காக. ரெண்டு நாள் பிடிச்சான். ஒம் மவ வந்து ஊட்டுனதும் கரண்டியத் தூக்கி எறிஞ்சிட்டான். அவனுக்கு இருக்கது ரெண்டே வருசம். அதுக்குள்ள எதாச்சும் படிச்சாத்தான் உண்டு. நான் செத்தா யாருக்கா ஊட்டுவா?"

"எம் மவ ஊட்டுவா."

"ஒம் மவளுக்கு யாரு ஊட்டுவா?" என்றாள் தெரசம்மாள்.

அது நியாயமான கேள்வி. ஆறுமுகத்தாய் களைந்த தண்ணீரை வாசலில் வீசி ஊற்றினாள். தெரசம்மாளின் காலெல்லாம் நனைந்தது. அவள் போய்விட்டாள். கொஞ்ச நாளில் பகல் டூட்டிக்கு மாற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று ஆண்டாப் ஹில்லுக்குக் குடிபோனாள்.

சங்கத்துக் கோலியில் இசக்கி ஒருத்திதான் மிச்சம். பிச்சையா தயங்கித் தயங்கி, ஒரு பெண்ணுக்காக ஒரு கோலியைத் திறந்துவைக்க முடியாது என்றார். சுயம்பு எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனான். அவன் மகளுக்குக் கழுத்து நிற்க ஆரம்பித்திருந்தது. பகல் முழுதும் முறுக்கு சுட அவனுக்கு இப்போது கை ஒழிந்திருந்தது. நன்றி இல்லாதவர்கள் என்று ஆறுமுகத்தாய் எல்லாரையும் வைதாள். வைத பிறகு, தன் மகளை எடுத்துக்கொண்டு சொர்ணத்தை விட்டிருந்தால் நான் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று யோசிப்பாள். அந்த யோசனை அவளுக்கு இன்னும் கசந்தது.

மாட்டுங்கா வேலைகளை விட்டாள். சயானில் ஹோட்டல்களுக்குச் சரக்கு போடுகிற ஒருவனிடம் பூண்டு மூட்டை வாங்கி வந்து வீட்டிலேயே உரித்தாள். இசக்கி தினமும் காலையில் வாசலில் நின்று "பாப்பா, பாப்பா" என்று சந்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடுவதை நிறுத்தினாள். அதன் பின் அந்த வார்த்தையே அவளிடமிருந்து போய்விட்டது. பூதத்தான் ஒருநாள் வாயைத் திறந்து, உல்லாஸ்நகர் பக்கம் இந்த மாதிரி ஆள்களை வைத்துக்கொள்கிற விடுதி ஒன்று இருக்கிறதாம் என்றான். ஆறுமுகத்தாய் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பெரிய பெண்களுக்கெல்லாம் தலையை மொட்டை அடித்து, ஒரே நீளச் சட்டையில், சிமெண்டுத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். வந்ததும் புருஷனிடம், "நான் உசுரோட இருக்கும்போது அந்தப் பேச்சு வேண்டாம்" என்றாள். அவன் மறுபடி சுவரைப் பார்க்கத் தொடங்கினான்.

அறுபத்தேழில் கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு மத்தியானம் தெரசம்மாள் வந்தாள். கூட ஏசுதாஸ். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளைப் பார்த்த ஆறுமுகத்தாய் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"பதினாலு முடிஞ்சிட்டுன்னு அனுப்பிட்டாகக்கா" என்றாள் தெரசம்மாள். "கரண்டி பிடிச்சித் தின்னுதான். சட்டைக்குப் பொத்தான் போடுதான். யாருக்கும் தொந்தரவு இல்ல. பகல்ல மட்டும் இங்க இருந்துக்கிடட்டும். ராத்திரி டூட்டிக்கு மாத்திக் கேட்டிருக்கேன், கெடச்சா நான் பகல்ல ஒம் மவளையும் பாப்பேன். முந்தி மாதிரி இருப்போம்."

ஏசுதாஸ் வாசற்படியில் நின்று ஆடினான். இசக்கி பூண்டுத் தோலுக்கு நடுவில் உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். அவனை அடையாளம் கண்ட குறி எதுவும் அவள் முகத்தில் தெரியவில்லை. அவனும் அவளைப் பார்க்கவில்லை.

"எங்கோலில எடம் இல்ல" என்றாள் ஆறுமுகத்தாய்.

இந்தச் சொல்லை இரண்டு வருஷமாக அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அது அத்தனை சுலபமாக வெளியே வந்தது. தெரசம்மாள் கெஞ்சவில்லை. மகன் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். ஆறுமுகத்தாய் பூண்டை எடுத்து உரித்தாள். அன்றிரவு சாப்பிட்டாள், தூங்கினாள். நாலைந்து நாள் கழித்துத்தான் சாப்பாடு இறங்காமல் போயிற்று.

தை பிறந்ததும் இசக்கியைக் கூட்டிக்கொண்டு ஆண்டாப் ஹில்லுக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டு வாசலில் காத்து நின்றாள். தெரசம்மாள் வாளியோடு வெளியே வந்தாள்.

"பயல் எங்க?"

"உல்லாஸ்நகர்ல. எடம் கெடச்சிது, விட்டுட்டேன்."

"அந்த எடத்தப் பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"கூட்டிட்டு வா தெரசா. நான் பாத்துக்கிடுதேன்."

"அன்னைக்கி ஒருநாள் டூட்டிக்குப் போவாம நின்னுட்டேன், சீட்டக் கிழிக்கப் போனாக. பிறகு எவ்வளவோ பேர் காலப் பிடிச்சிக் கையெழுத்து வாங்கி விட்டிருக்கேன்." தெரசம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். "இப்பக் கூட்டிட்டு வந்தா, நாளைக்கி ஒனக்கு ஒண்ணுன்னா மறுபடி எங்க கொண்டு போவேன்? அந்த எடம் ரெண்டாந்தடவ கெடைக்காதுக்கா. இருக்கட்டும்."

தனக்கு ஒன்றும் ஆகாது என்று ஆறுமுகத்தாயால் எப்படிச் சொல்ல முடியும்?

விடுதியில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுவார்கள். அடுத்த தடவை போகும்போது தானும் வருவதாக ஆறுமுகத்தாய் சொன்னாள். தெரசம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோவில் பூசை முடிந்து தெரசம்மாள் சயான் ஸ்டேஷனுக்கு வந்தாள். ஆறுமுகத்தாய் இசக்கியோடு நின்றிருந்தாள். கையில் சுயம்பு கொடுத்த முறுக்குப் பொட்டலம்.

விடுதி வாசலில் காவல்காரன் தாயை மட்டும் உள்ளே விட்டான். நீ யார் என்ற கேள்விக்கு ஆறுமுகத்தாய் சொன்ன பதில் அவனுக்குப் போதவில்லை. அவளும் இசக்கியும் வெளியே புளியமரத்தடியில் நின்றார்கள். உள்ளேயிருந்து யாரோ ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருந்தார்கள். இசக்கி தாயின் முந்தானையைப் பற்களுக்கிடையில் வைத்து மென்றுகொண்டிருந்தாள்.

தெரசம்மாள் சீக்கிரமே வந்துவிட்டாள். ஆறுமுகத்தாய் கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலம் பிரிக்காமல் கையிலேயே இருந்தது.

"தின்னல?"

"வெளிச் சாப்பாடு குடுக்கக் கூடாதாம்."

"எப்படி இருக்கான்?"

"மொட்டை அடிச்சிருக்காக. மெலிஞ்சிருக்கான்." பொட்டலத்தை ஆறுமுகத்தாயிடம் நீட்டியபடி சொன்னாள்: "அங்க கரண்டி கெடையாது. எல்லாரும் கையாலதான் அள்ளித் திங்குதுக."

ஸ்டேஷன் வரைக்கும் தெரசம்மாள் முன்னால் நடந்தாள். ஆறுமுகத்தாய் மகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். பெண்கள் பெட்டியில் கூட்டம் இல்லை. இசக்கி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தாய்மார் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, சயானுக்கு முந்தின ஸ்டேஷனான குர்லா தாண்டும் வரை அவரவர் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.